அசைன்மென்ட்டாக வந்த கதைகளுக்கு என்ன மதிப்பு?

கேட்கப்பட்ட கேள்வி சுருக்கமாக இது: "என் மகள் வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் நாட்டார் வழக்காற்றியல் பாடம் எடுத்திருக்கிறாள். வீட்டிலும் நண்பர்களிடமும் வழிபாட்டுக் கூட்டங்களிலும் கேட்ட கதை, நம்பிக்கை, ஜோக் இதையெல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். அதைக் காப்பகத்தில் வைத்துப் பாதுகாப்பார்களாம். இருபது வயதுப் பிள்ளைகள் மதிப்பெண்ணுக்காக எழுதித் தருவதை ஆய்வுத் தரவு என்று எப்படி நம்புகிறார்கள்?"

நியாயமான சந்தேகம்தான். கதையில் வருவது நடந்தது என்பதற்குச் சாட்சியாக அந்தத் தாள்களை யாரும் நம்புவதில்லை. இப்படி ஒரு கதை இந்த ஆண்டு, இந்த மாதிரி ஆட்களிடையே சொல்லப்பட்டது என்பதற்குச் சாட்சியாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். அதுவும் கதைக்குக் கீழே நாலு வரி ஒழுங்காக எழுதியிருந்தால் மட்டும். அந்த நாலு வரிக்குப் பிறகு வருகிறேன்.

முதலில், ஏன் மாணவர்கள்? 'ஃபோக்லோர்' என்ற சொல்லை 1846-ல் வில்லியம் தாம்ஸ் என்பவர் லண்டன் வார இதழ் ஒன்றுக்குப் புனைபெயரில் எழுதிய கடிதத்தில் உருவாக்கினார். அவர் மனதில் இருந்தது பழைய வழக்கங்கள், மறைந்துகொண்டிருக்கும் பாட்டுகள், கதைகள். அதற்கப்புறம் நூறு வருஷத்துக்கும் மேலாக இந்தத் துறையில் 'மக்கள்' என்றால் எழுத்தறியாத கிராமத்து முதியவர் என்றுதான் அர்த்தம். நம் மொழியில் 'நாட்டுப்புறவியல்' என்று பெயர் வைத்ததிலும் அந்த வாடை அடிக்கிறது. 'வழக்காறு' என்ற சொல் எனக்குப் பிடித்ததற்குக் காரணமே அதுதான். அதற்கு ஊர் கிடையாது, வயது கிடையாது.

கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1963 முதல் பாடம் நடத்திய ஆலன் டண்டிஸ் இந்தப் பழைய எண்ணத்தைத் தலைகீழாக்கினார். ஏதாவது ஒரு பொது அம்சத்தைப் பகிர்ந்துகொள்ளும் எந்தக் குழுவும் 'மக்கள்' தான் என்றார். ஒரே தொழில், ஒரே மதம், ஒரே விடுதி, ஒரே குடும்பம், எதுவாகவும் இருக்கலாம். அப்படிப் பார்த்தால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரும் நாலைந்து குழுக்களுக்குள் ஏற்கெனவே இருப்பவர். வெளியூர் ஆய்வாளர் ஆறு மாதம் தங்கினாலும் காதில் விழாததை அவர்கள் சாப்பாட்டு மேசையிலேயே கேட்டுவிடுகிறார்கள்.

டண்டிஸின் அறிமுக வகுப்பில் ஆளுக்கு 40 வழக்காறுகளைத் திரட்டி, இனங்கண்டு, விளக்கம் எழுதித் தர வேண்டும். இப்படி வருஷக்கணக்கில் சேர்ந்து பெர்க்லி காப்பகத்தில் இருப்பவை சுமார் 5 லட்சம். 2000-ஆம் ஆண்டில் பழைய மாணவர் ஒருவர் பெயர் வெளியிட வேண்டாம் என்று சொல்லி 10 லட்சம் டாலர் காசோலை அனுப்பினார். அதை வைத்து இந்தத் துறைக்கே ஒரு பேராசிரியர் பதவி உருவாக்கப்பட்டது. விடுகதை எழுதி வாங்கிய வாத்தியாருக்கு இப்படி ஒரு குருதட்சிணை!

பெர்க்லி தொடங்கிவைத்த வேலை அல்ல இது. டெட்ராய்ட் நகரின் வெய்ன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 1939-லேயே காப்பகம் உண்டு. கார் தொழிற்சாலை நகரம் என்பதால் அங்கே திரண்டது பெரும்பாலும் நகரத்து வழக்காறு. அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை நடந்தது இன்னும் ஆச்சரியம். சுமார் 5,000 பள்ளிகளைச் சேர்ந்த ஏறக்குறைய 50,000 பிள்ளைகள், பதினொன்று முதல் பதினான்கு வயதுக்குள் இருப்பவர்கள், வாரக் கட்டுரைக்குப் பதிலாக வீட்டுப் பெரியவர்கள் சொன்னதைக் கேட்டு நோட்டில் எழுதினார்கள். அந்த நோட்டுகள் இன்றைக்கு அந்த நாட்டின் பொக்கிஷம். எழுதியவர்கள் குழந்தைகள் என்பதற்காக அதை யாரும் ஒதுக்கவில்லை.

சரி, அந்த நாலு வரி. டண்டிஸ் 1964-ல் எழுதிய ஒரு கட்டுரையில் பனுவல், இழைவமைப்பு, சூழல் என்று மூன்றாகப் பிரித்தார். பனுவல் என்பது சொன்ன கதை. இழைவமைப்பு என்பது அதைச் சொன்ன மொழி: எதுகை, இழுத்துச் சொல்லும் இடம், குரல் மாற்றம். சூழல் என்பது யார், யாருக்கு, எப்போது, எதற்காகச் சொன்னார் என்பது. கதையை எழுதுவது எல்லோருக்கும் வரும். மூன்றாவதில்தான் சறுக்குவார்கள்.

நானும் சறுக்கியவன்தான். மாணவனாக இருந்தபோது முதல் தடவை ஐம்பது பழமொழிகளை அகர வரிசையில் அடுக்கி, அழகாக அட்டை போட்டுக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது ஒவ்வொரு பழமொழிக்குப் பக்கத்திலும் சிவப்பு மையில் "எப்போது?" என்று ஒரே ஒரு சொல். ஐம்பது தடவை எழுதியிருந்தார் அந்த மனிதர்! அப்போது கோபம் வந்தது. இப்போது மற்றவர்களின் தாளில் நானும் அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இதை ஒரு உதாரணத்தில் பார்த்தால் விளங்கும். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் மெமோரியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஹெர்பர்ட் ஹால்பெர்ட்டும் ஜான் விடோசனும் 1968-ல் அங்கே ஒரு காப்பகம் தொடங்கினார்கள். மாணவர் கட்டுரைகள் அதில் ஏராளம். அந்தத் தீவில் காட்டில் வழி மாற்றிவிடும் சிறு உருவத் தேவதைகள் இருப்பதாக நம்பிக்கை. பெயரைச் சொல்லி அழைத்தால் ஆபத்து என்று 'நல்ல ஜனங்கள்' என்பார்கள். காட்டுப் பழம் பறிக்கப் போகும் பிள்ளைகள் பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்துக்கொள்வார்கள். வழி தவறினால் கோட்டையோ தொப்பியையோ உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டுக்கொள்வார்கள்.

ஒரு மாணவி இப்படி எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம்: "எங்கள் பகுதியில் தேவதைகளிடமிருந்து தப்பிக்க ரொட்டி வைத்துக்கொள்வார்கள்." இது ஒரு தகவல், அவ்வளவுதான். எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். இன்னொருத்தி இப்படி எழுதுகிறாள்: "பாட்டி இதைச் சொல்லும்போது சிரித்தாள். தான் நம்பவில்லை என்று இரண்டு முறை சொன்னாள். ஆனால் அம்மா சின்ன வயதில் வெளியே போகும்போதெல்லாம் அவள் கோட்டுப் பையில் ரொட்டி போட்டது பாட்டிதான் என்று அம்மா பக்கத்தில் இருந்து சொன்னாள். பாட்டி பதில் சொல்லவில்லை." இரண்டாவது தாளில் நம்பிக்கை என்ற வஸ்து உயிரோடு இருக்கிறது. வாய் நம்பவில்லை என்கிறது, கை ரொட்டியை வைக்கிறது. நம்பிக்கை பற்றிக் கேள்வித்தாள் கொடுத்து 'ஆம்', 'இல்லை' டிக் போடச் சொன்னால் இந்தப் பாட்டி 'இல்லை' என்ற பக்கம் போயிருப்பாள். அந்தத் தீவின் இந்தக் கதைகளைப் பற்றிப் பின்னால் முழு ஆய்வு எழுதிய பார்பரா ரியெட்டி இப்படிப்பட்ட மாணவர் கட்டுரைகளைத்தான் நிறையப் பயன்படுத்தினார்.

அன்றாட வாழ்க்கை என்ற பக்கத்தில் அதிகம் கிடைப்பது மாணவர்களின் சொந்தக் கதைகள். பல்கலைக்கழக நூலகம் வருஷத்துக்குக் கொஞ்சம் மண்ணுக்குள் இறங்குகிறது, ஏனென்றால் கட்டடம் வரைந்தவர் புத்தகங்களின் எடையைக் கணக்கில் எடுக்க மறந்துவிட்டார் என்று ஒரு கதை. இந்தியானா பல்கலைக்கழக நூலகத்தைப் பற்றி இது பிரசித்தம். வேறு பல வளாகங்களிலும் அவரவர் நூலகத்தைப் பற்றி இதையே சொல்வார்கள். அறைத்தோழன் இறந்துவிட்டால் அந்தப் பருவத்துக்கு எல்லாப் பாடத்திலும் முழு மதிப்பெண் போட்டுவிடுவார்கள் என்பது இன்னொன்று. பேராசிரியர் இத்தனை நிமிஷம் தாமதமானால் சட்டப்படி எழுந்து போகலாம் என்பது மூன்றாவது. எத்தனை நிமிஷம் என்பது மட்டும் சொல்பவரின் பொறுமையைப் பொறுத்தது. இதில் வேடிக்கை, சேகரிக்க உட்காரும்வரை பல மாணவர்கள் இவற்றை உண்மை என்றே நம்பியிருப்பார்கள். வகுப்பில் நாலு பேர் நாலு ஊர் நூலகத்தைப் பற்றி இதே கதையைப் படிக்கும்போதுதான் முகம் மாறும். 'மக்கள்' என்பது யாரோ அல்ல என்று அந்த இடத்தில் புரியும்.

சமய வாழ்க்கைப் பக்கத்துக்கு வந்தால், எனக்குத் தெரிந்து மாணவர் சேகரிப்பின் பலமும் பலவீனமும் ஒருசேரத் தெரியும் இடம் அமெரிக்காவின் யூட்டா மாநிலம். அங்கே மிகப் பெரிய சமயக் குழு பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையினர், பேச்சு வழக்கில் மார்மன்கள். அந்தச் சபையின் பல்கலைக்கழகமான பிரிகாம் யங், ப்ரோவோ நகரில் இருக்கிறது. வில்லியம் வில்சன் என்ற பேராசிரியர் அங்கே மாணவர்களை வைத்து ஒரு பெரிய காப்பகத்தையே கட்டினார். இன்று அது அவர் பெயரில் இருக்கிறது. அவரும் அதே சபைக்காரர். இளமையில் ஃபின்லாந்துக்குச் சுவிசேஷ ஊழியத்துக்குப் போய்வந்தவர். அப்புறம் அந்த நாட்டில் நாட்டார் வழக்காறு எப்படித் தேசியவாதத்துக்கு உரமானது என்பதையே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தார்.

அந்தச் சபையில் இளைஞர்கள் இரண்டு வருஷம் ஊழியத்துக்குப் போவது வழக்கம். எப்போதும் இருவர் இருவராகத்தான் இருக்க வேண்டும். கடுமையான நேர ஒழுங்கு உண்டு, வாராவாரம் மேலதிகாரிக்கு அறிக்கை அனுப்ப வேண்டும். வில்சன், சக ஆசிரியர் ஜான் ஹாரிஸுடன் சேர்ந்து இவர்களிடையே புழங்கும் கதைகளைத் திரட்டினார். புதிதாக வருபவனுக்கு 'பச்சை' என்று பொருள்படும் ஒரு பட்டப்பெயர். ஊருக்குத் திரும்பும் நினைப்பிலேயே இருப்பவனுக்குப் பெட்டி கட்டுவதை வைத்து ஒரு பெயர். பச்சையாக வந்தவனை மூத்தவர்கள் ஏமாற்றும் விளையாட்டுகளும் உண்டு. பயணச்சீட்டுத் துண்டுகளைப் பத்திரமாகச் சேர்த்துவை, கடைசியில் பணம் திருப்பித் தருவார்கள் என்று சொல்லிவிடுவார்களாம். பாவம், சேர்ப்பான்.

இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது ஓடிப்போன இருவரின் கதை. இரண்டு ஊழியர்கள் ஊர் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள். வரப்போகும் வாரங்களுக்கெல்லாம் சேர்த்து முன்கூட்டியே அறிக்கை எழுதி, வீட்டுக்காரம்மாவிடம் அடுக்கிக் கொடுத்து, "வாரத்துக்கு ஒன்று தபாலில் போடுங்கள்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அம்மா வரிசையை மாற்றிப் போட்டுவிடுகிறார், அல்லது மொத்தத்தையும் ஒரே கட்டாக அனுப்பிவிடுகிறார். மாட்டிக்கொள்கிறார்கள். இது வெவ்வேறு ஊழியக் களங்களில் அங்கேயே நடந்ததாகச் சொல்லப்படுகிறது. நடந்ததா என்பதல்ல கேள்வி. யார் சொல்கிறார்கள் என்று பாருங்கள்: விதியை ஒழுங்காகக் கடைப்பிடித்துக்கொண்டு, மழையில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டிருப்பவர்கள். ஓடிப்போகும் ஆசையைக் கதையில் தீர்த்துக்கொள்கிறார்கள். கதையின் முடிவில் தண்டனையும் இருப்பதால் விதியும் காப்பாற்றப்படுகிறது. வில்சனின் வாசிப்பும் ஏறக்குறைய இந்தத் திசையில்தான் போகிறது. ஒரு வெளியாள் ஒலிப்பதிவுக் கருவியோடு போய், "உங்கள் சமய அனுபவங்களைச் சொல்லுங்கள்" என்றால் இந்தக் கதை வருமா? பக்திச் சாட்சியம்தான் வரும். கூட ஊழியம் செய்த நண்பன் கேட்டதால் வந்தது.

அடுத்தது மூன்று நேபியர் கதைகள். இயேசு திரும்பி வரும்வரை சாகாமல் பூமியில் இருக்கும்படி மூன்று சீடர்கள் வரம் பெற்றார்கள் என்று அந்தச் சபையின் வேதநூலான மார்மன் புஸ்தகத்தில் வருகிறது; அவர்களைத்தான் மூன்று நேபியர் என்கிறார்கள். அவர்கள் இன்றும் முதியவர் உருவில் வந்து உதவி செய்துவிட்டு மறைவதாகக் கதைகள். பழைய கதைகளில் தனித்திருக்கும் வீட்டுக்கு ஒரு கிழவர் வருவார், பசி என்பார், இருப்பதைக் கொடுத்ததும் வாழ்த்திவிட்டுப் போவார், வெளியே வந்து பார்த்தால் பனியில் காலடித் தடம் இருக்காது. நகரம் வளர்ந்தால் இந்த மாதிரி கதைகள் தேய்ந்துவிடும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்பார்கள். காப்பகத்தைப் புரட்டினால் நேர்மாறாக இருந்தது. கிழவர் நெடுஞ்சாலைக்கு வந்துவிட்டார். ஆலயம் போய்விட்டுக் காரில் திரும்பும் தம்பதி வழியில் ஒருவரை ஏற்றிக்கொள்கிறார்கள். பின்சீட்டில் இருந்தபடி, உணவுப் பொருளைச் சேமித்து வையுங்கள், கஷ்டகாலம் வருகிறது என்கிறார். திரும்பிப் பார்த்தால் ஆள் இல்லை.

இந்தக் 'காரில் ஏறி மறைபவர்' கதை உலகம் முழுக்க உண்டு. 1942-லேயே பியர்ட்ஸ்லி, ஹாங்கி என்ற இருவர் இதன் 79 வடிவங்களைத் திரட்டி ஒப்பிட்டுக் காட்டினார்கள். அதில் வருபவர் பெரும்பாலும் இறந்துபோன இளம்பெண். யூட்டாவில் அதே சட்டகத்துக்குள் நேபியர் வந்து உட்கார்ந்துகொண்டார். சபை தன் மக்களை உணவு சேமிக்கச் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்த்தால் கதை எங்கிருந்து எதை எடுத்துக்கொண்டது என்று தெரிகிறது. தேதி போட்ட தாள்கள் நூற்றுக்கணக்கில் இருந்ததால்தான் இந்த நகர்வைப் பிடிக்க முடிந்தது. தனியாக எந்த ஒரு மாணவரின் தாளும் இதைக் காட்டியிருக்காது.

நகைச்சுவைக்கும் குறைவில்லை. ஜே. கோல்டன் கிம்பல் (1853–1938) என்பவர் சபைத் தலைவர்களில் ஒருவர். இளமையில் கோவேறு கழுதை ஓட்டியவர், அந்த நாக்கு கடைசிவரை மாறவில்லை. "என்னைச் சபையை விட்டு நீக்க முடியாது, நான்தான் சனியன் பிடித்த வேகத்தில் மனந்திரும்பிவிடுகிறேனே" என்று அவர் சொன்னதாக ஒரு துணுக்கு. சொல்பவர்கள் அவருடைய கீச்சுக் குரலிலேயே சொல்வார்கள். குரலைக் குறிக்காமல், வசைச்சொல்லை நாகரிகம் கருதி நீக்கிவிட்டு எழுதினால் தாளில் மிஞ்சுவது வெறும் வாக்கியம். இழைவமைப்பு என்று டண்டிஸ் சொன்னது இதைத்தான்.

இப்போது பலவீனத்துக்கு வருகிறேன். உங்கள் சந்தேகத்தைவிட இது பெரியது, சொன்னவரும் வில்சனே. மாணவர்கள் பொய் எழுதுகிறார்கள் என்பதல்ல அவர் கவலை. 1980-களின் கடைசியில் அவர் தன் சேகரிப்பையே திரும்பிப் பார்த்து, இதில் அற்புதங்கள் அளவுக்கு மீறி இருக்கின்றன என்றார். மறைந்துபோகும் கிழவர், பேயோட்டுதல், அதிசயக் குணமடைதல், இவை காதில் விழுந்த உடனே 'இது வழக்காறு' என்று மாணவருக்குத் தோன்றிவிடும். நோயுற்ற அண்டை வீட்டாருக்கு வருஷக்கணக்கில் சாப்பாடு கொண்டுபோனவளைப் பற்றிக் குடும்பத்தில் சொல்லும் கதை அப்படித் தோன்றாது. ஆனால் அந்தச் சமூகத்தில் சமய வாழ்க்கை பெரும்பாலும் இரண்டாவது வகைதான். காப்பகத்தை மட்டும் படித்துவிட்டு அந்த மக்களை மதிப்பிட்டால், தினமும் அதிசயத்தில் குளித்துக்கொண்டிருப்பவர்கள் என்று நினைத்துவிடுவோம். வில்சன் பிற்பாடு தன் தாய் ஐடஹோ மாநிலத்துக் கிராம வாழ்க்கையைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்த கதைகளை எடுத்து, ஒரு குடும்பத்தின் நாவல் போல அவை ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதைப் பற்றி எழுதினார். அவற்றில் பேய் கிடையாது.

என் அனுபவத்திலும் கோணல் இங்கேதான் வருகிறது. காப்பகம் என்பது சொன்னவர்களின் வாய் பாதி, கேட்டவர்களின் காது பாதி. இருபது வயதுக் காது விசித்திரத்துக்கு உடனே நிமிரும், சாதாரணத்துக்கு நிமிராது. அதனால் மாணவர் தாள்களில் எண்ணிக்கை பார்த்து முடிவெடுக்கக் கூடாது. நூறு பேய்க்கதை இருப்பதால் பேய்க்கதைதான் அதிகம் சொல்லப்படுகிறது என்று அர்த்தமாகாது.

பொய்யைப் பற்றி நீங்கள் கேட்டதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கடைசி நாள் இரவில் கற்பனை செய்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள்தான். வழக்காறு என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில், கொஞ்சம் மாறி மாறி இருக்க வேண்டும். கற்பனைக் கதைக்கு அண்ணன் தம்பி இருக்காது. காப்பகத்தில் அனாதையாக நிற்கும். தவிர, நிஜமான பேச்சு தடுமாறும்: "இல்லையில்லை, அது அவன் தம்பி" என்று நடுவில் திருத்தும். ஜோடித்தது வழவழவென்று இருக்கும். இதைவிட அதிகமாக நான் பார்க்கும் தவறு, சொன்னவரின் மொழியைத் திருத்தி 'நல்ல நடையில்' எழுதிவிடுவது. அது ஏமாற்றும் எண்ணத்தில் செய்வதில்லை, மரியாதை என்று நினைத்துச் செய்வது. கெடுதல் என்னவோ அதே அளவுதான்.

உங்கள் மகளுக்கு நடைமுறையில் உதவக்கூடியது சில. கதை முடிந்ததும் "இதற்கு என்ன அர்த்தம் என்று நினைக்கிறீர்கள்?" என்று சொன்னவரிடமே கேட்கட்டும். இதையும் டண்டிஸ் 1966-ல் வலியுறுத்தினார், இன்றுவரை பாதிப் பேர் கேட்பதில்லை. சமய விஷயத்தில் அனுமதி இரண்டு தடவை வேண்டும்: சொல்வதற்கு ஒன்று, காப்பகத்தில் வைப்பதற்கு ஒன்று. நெருங்கியவர்கள் முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைப் பற்றி யோசிக்காமல் இருந்திருப்பார்கள். சடங்குகளில் வெளியே சொல்லக் கூடாதது என்று உள்ளவை இருந்தால் விட்டுவிட வேண்டும், மதிப்பெண் போனாலும் சரி. தேதி, இடம், சொன்னவருக்கும் தனக்கும் என்ன உறவு, அப்போது அறையில் வேறு யார் இருந்தார்கள் என்பதை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். மறுநாள் கதை நினைவிருக்கும், அறை நினைவிருக்காது. கூடவே, அற்புதம் பத்து எழுதினால் சாதாரணமும் குறைந்தது பத்து எழுதட்டும்.

கடைசியாக உங்களுக்கு. அவள் உங்களிடமும் வந்து கேட்பாள். "எனக்கென்ன கதை தெரியும், பெரியவர்களைப் போய்க் கேள்" என்று அனுப்பிவிடாதீர்கள். அவள் தேர்வுக்குக் கிளம்பும்போதெல்லாம் நீங்கள் தவறாமல் சொல்லும் வாக்கியம் ஒன்று இருக்குமே. அதை எப்போதிலிருந்து சொல்கிறீர்கள், உங்களுக்கு அதை முதலில் சொன்னவர் யார் என்பதில் தொடங்கினாலே அவளுக்கு ஒரு தாள் நிறைந்துவிடும்.